முலாம் பூசிய துப்பாக்கிகள்

துப்பாக்கிக்கு நிக்கல் முலாம் பூசியவரை விசாலாக்ஷி கடைசிவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லித் தூது வந்தவர்களையும் மன்னிக்கவில்லை. 'போனால் போகிறது, பழைய இரும்புதானே' என்று சொன்ன சொந்தத் தம்பியோடு தீபாவளி வரைக்கும் பேசாமலே இருந்தாள். பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். நடந்ததை முழுசாகக் கேட்டால் நீங்களும் அவள் பக்கம்தான் நிற்பீர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்றில் அவளுக்கு வயது நாற்பது. பம்பாய் ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்ட். மாட்டுங்காவில் இரண்டு அறை வீடு; தம்பி பஞ்சுவும் அவன் மனைவி நாகலக்ஷ்மியும் அவளும் இருந்தார்கள். அவளுடைய கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒரு நாள் அடியோடு நின்றுவிட்டிருந்தது. அதற்காக அவள் கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை. ஆனால் எந்தக் காரியத்தையும் அரைகுறையாக விட அவளால் முடியாது. கொடியில் அடுத்த வீட்டுப் புடவை கோணலாகத் தொங்கினால்கூட எட்டி இழுத்து நேராக்கிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

சீனா யுத்தம் முடிந்த கையோடு ஆபீஸ்களில் எல்லாம் ஒரே தேசபக்தி. பெண்களும் துப்பாக்கி சுடப் பழக வேண்டும் என்று ஆள் சேர்த்தார்கள். விசாலாக்ஷியின் ஆபீசிலிருந்து ஒரு பட்டாளமே கிளம்பிற்று. செம்பூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு ரைபிள் கிளப். ஞாயிற்றுக்கிழமை காலையில் பயிற்சி. முதல் வெடிச் சத்தத்தில் சிலர் நின்றார்கள். வெயிலில் சிலர் நின்றார்கள். ஹோலி வருவதற்குள் விசாலாக்ஷி மட்டுந்தான் பாக்கி. அவளுக்குக் கை நடுங்காது. மூச்சை அடக்கிக்கொண்டு குறி பார்க்கும்போது உலகத்தில் வேறு ஒன்றுமே இல்லாமல் போவது அவளுக்குப் பிடித்திருந்தது.

கிளப்பில் துப்பாக்கிகளைப் பராமரிப்பவர் ஜஹாங்கீர் என்ற பார்சிக்காரர். ராணுவ ஒர்க்‌ஷாப்பில் துப்பாக்கி ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் பாதி ஹிந்தி, பாதி குஜராத்தி.

அந்த வருஷம் ஆடி மாதத்தில், பயிற்சிக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தம் வரை போக வழியில்லை. விசாலாக்ஷி பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஒதுங்கினாள். மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு குவியல். விறகு என்று நினைத்து உட்காரப் போனவள் தார்ப்பாயை நகர்த்தினாள். உள்ளே துப்பாக்கிகள். ஒன்றன்மேல் ஒன்றாக, சுள்ளி அடுக்கியதுபோல. எண்ணெய்ப் பசை கறுத்துக் கட்டியாகி, மேலே துரு, மரத்தில் கரையான் ஏறிய தடம்.

"இதெல்லாம் என்ன?" என்று ஜஹாங்கீரைக் கேட்டாள்.

"மிலிட்டரி கழித்துப் போட்டது, விசாலாபாயி. டிப்போ ஏலத்தில் யாரோ மொத்தமாக எடுத்து கிளப்புக்குத் தானம் பண்ணினார். எல்லாம் நம் தாத்தா காலத்துத் துப்பாக்கி. மார்ட்டினி, ஸ்னைடர். இப்போது இதற்குத் தோட்டாவும் கிடையாது, சுடும் ஊசியையும் பிடுங்கிவிட்டார்கள். செக்ரட்டரி பழைய இரும்பு எடுக்கிற கபாடிக்காரனுக்குப் போடச் சொல்கிறார்."

"சுத்தம் பண்ணினா நன்னாயிருக்காதா?"

ஜஹாங்கீர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு மார்ட்டினியை உருவி அவள் மடியில் வைத்துவிட்டுப் போய், ஒரு டப்பா மண்ணெண்ணெயும் பழந்துணியும் கொண்டுவந்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மழை நின்றும் அவள் கிளம்பவில்லை. கறுப்புப் பசை கரையக் கரைய அடியிலிருந்து இரும்பு மெல்ல எட்டிப் பார்த்தது. ஒரு கிரீட முத்திரை, ஒரு வருஷம், ஒரு பட்டாளத்தின் எண். யாரோ தோளில் சுமந்து சுமந்து அடிக்கட்டையின் ஓரம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்தபோது புடவையெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம். நாகலக்ஷ்மி மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, துப்பாக்கி சுடப் போனேளா, ஸ்டவ் ரிப்பேருக்குப் போனேளா?"

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் கொட்டகைதான். வேலையை ஜஹாங்கீர் காட்டிக்கொடுத்தார். வேலைக்கு ஒரே ஒரு சட்டம். சுரண்டக் கூடாது. உப்புத்தாளைக் கையால் தொடக் கூடாது. துருவை எண்ணெயில் ஊறவைத்து மெல்ல மெல்லத்தான் கிளப்ப வேண்டும். மரத்தில் உள்ள வடு, கீறல், முத்திரை எல்லாம் அந்தத் துப்பாக்கியின் ஆயுசு; அதை அழித்தால் கையில் மிஞ்சுவது வெறும் கட்டை. நசுங்கின இடத்தில் ஈரத் துணியைப் போட்டு மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் மரம் ஆவி குடித்து உப்பி மேலே வரும். விசாலாக்ஷி வீட்டுக் கரி இஸ்திரிப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் என்ன நினைத்துக்கொண்டானோ.

கரையான் தின்ற கட்டைகளுக்கு ஒரு தச்சன் வேண்டியிருந்தது. மாட்டுங்காவில் மேஜை நாற்காலி செய்கிறவர்களைக் கேட்டாள், சிரித்தார்கள். ஒரு நாள் செருப்பு வார் தைக்க தாராவிப் பக்கம் போயிருந்தபோது, கடைக்காரன் செருப்பை மாட்டித் தைக்கிற மரப் பாதத்தைப் பார்த்தாள். குதிகாலும் விரலும் வளைவும் அசல் கால் மாதிரியே இருந்தது. யார் செதுக்கியது என்று விசாரித்தாள். இசக்கி என்றார்கள். அம்பாசமுத்திரத்துக்காரன். தோல் பட்டறைகளுக்கெல்லாம் பாதக்கட்டை அவன்தான் செய்து கொடுக்கிறான்.

இசக்கி முதலில் மிரண்டான். "துப்பாக்கியா? போலீசு கீலீசுன்னு வந்திராதாம்மா?"

"இது சுடாது, இசக்கி. கால் மாதிரிதான் இதுவும். நடந்து தேஞ்ச கால். வந்து பாருங்கோ."

வந்து பார்த்தவன் விடவில்லை. பழைய அலமாரிகளை உடைத்த மரத்தில் அதே நிறம், அதே ரேகையாகத் தேடிப் பிடித்து, தின்றுபோன இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டான். ஒட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலால் தடவினாலும் தெரியாது. ஞாயிறு தவறாமல் மூன்று பேரும் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து மண்ணெண்ணெயும் லின்சீட் ஆயிலும் மணக்க மணக்க வேலை பார்த்தார்கள். அந்த வருஷங்களில் விசாலாக்ஷியைப் பார்த்தவர்கள் அவள் இளைத்து, கறுத்து, சிரித்த முகமாக ஆனாள் என்பார்கள்.

அறுபத்தைந்தில், பாகிஸ்தான் சண்டைக்குச் சற்று முன்னால், இன்னொரு மார்ட்டினி கைக்கு வந்தது. வெளிக்குப் பார்க்கக் குவியலிலேயே மோசமானது. அடிக்கட்டையின் வலது பக்கத்தில் பசை கரைந்தபோது கீறல்கள் தெரிந்தன. விசாலாக்ஷி துணியால் ஒற்றி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தாள். ஆணியால் கீறின எழுத்து. தமிழ் எழுத்து.

"சொரிமுத்து" என்று படித்தாள்.

இசக்கி உளியைக் கீழே வைத்தான். அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. "என்னது? இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா."

"சொரிமுத்துன்னு எழுதியிருக்கு. கீழே நாலு கோடு போட்டிருக்கான்."

"அது எங்க பக்கத்துப் பேருல்லா! எங்க மலைச்சாமி பேரு. வேற சீமைக்காரன் எவன் வைப்பான்?" இசக்கி முழங்காலில் எழுந்து வந்து அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தான். "வெள்ளைக்காரன் பட்டாளத்துல எங்கெல்லாம் போயி அலைஞ்சானோ பாவி மட்டை. நாலு கோடு என்னத்துக்கும்மா?"

நாலு சண்டையா, நாலு வருஷமா, ஊரில் விட்டுவந்த நாலு பிள்ளையா? யாருக்குத் தெரியும். ஜஹாங்கீர் வந்து பார்த்தார். "இதன் மேல் எண்ணெய் தவிர எதுவும் படக் கூடாது" என்றார். அந்தத் துப்பாக்கிக்கு மட்டும் விசாலாக்ஷி தனியாக ஒரு பருத்தித் துணி உறை தைத்தாள்.

அறுபத்தேழு ஆரம்பத்தில் குவியல் முழுவதும் தீர்ந்துவிட்டது. உளுத்துப்போனவை போக முப்பதுக்குக் கொஞ்சம் மேலே தேறின. ஜஹாங்கீரே மரச் சட்டம் அடித்துச் சுவரோரம் நிறுத்திவைத்தார். வெள்ளைக்காரர் ஒருவர் எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். கிளப்புக்கு இப்படி ஒரு சொத்து இருக்கிறது என்று அப்போதுதான் செக்ரட்டரிக்கு உறைத்தது.

செக்ரட்டரி நெல்லையப்பன். செம்பூரில் பெரிய கான்ட்ராக்டர். சிரிக்காமல் பேசமாட்டார், வணங்காமல் நிற்கமாட்டார். பெண்களை எல்லாம் 'சிஸ்டர்' என்பார். இந்த நான்கு வருஷத்தில் அவர் கொட்டகைக்குள் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. இப்போது வந்தார்.

"அடடா, சிஸ்டர்! பொக்கிஷம்ல இது! புது ஹால் கட்டுறோம், தெரியும்லா? திறப்பு விழாவுக்கு மந்திரி வாராரு. ஹாலுக்கு இதுதான் சிங்காரம். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

"கண்ணாடி அலமாரி வேணும். காத்து உப்புக் காத்து" என்றாள் விசாலாக்ஷி.

"பிரமாதமாச் செய்துருவோம்."

அடுத்த வாரம் அவளுக்கு ஜுரம். அதற்கடுத்த ஞாயிறு போனபோது சட்டம் காலி. ஒரு துப்பாக்கிகூட இல்லை. துணி உறை மட்டும் தரையில் கிடந்தது. காவலாளி, "செக்ரட்டரி சேட் லாரியில் ஏற்றிக் குர்லாவுக்கு அனுப்பிவிட்டார், பாலிஷுக்கு" என்றான். ஜஹாங்கீர் அந்தச் சமயம் மகள் வீட்டுக்கு சூரத் போயிருந்தார். விசாலாக்ஷி நெல்லையப்பன் வீட்டுக்கே போனாள். 'அவர் சைட்டுக்குப் போயிருக்கார்' என்றார்கள். மறுநாள் போனாள். 'பூஜையில் இருக்கார்' என்றார்கள். குர்லாவில் எந்தப் பட்டறை என்று யாரும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "சிஸ்டருக்கு ஒரு சர்ப்ரைஸ்."

திறப்பு விழாவுக்கு அவளுக்கும் அழைப்பு வந்தது. பஞ்சுவும் நாகலக்ஷ்மியும் கூட வந்தார்கள். இசக்கி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். அவனை வாசலில் நிறுத்திவிட்டார்கள். விசாலாக்ஷி போய், "அவர் இல்லாம நான் உள்ளே போகமாட்டேன்" என்று நின்றதில் விட்டார்கள்.

உள்ளே போனவள் மேடைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாள்.

நடுவில் ஒரு பெரிய கடிகாரம். அதைச் சுற்றிச் சூரியன் கதிர் வீசுவதுபோல அவளுடைய துப்பாக்கிகள். இரும்பெல்லாம் ஹோட்டல் டம்ளர் மாதிரி பளபளவென்று நிக்கல் முலாம். மரமெல்லாம் ரத்தச் சிவப்பு வார்னிஷ். ஒவ்வொன்றையும் சுவரில் இறுக்க இரும்பையும் மரத்தையும் துளைத்து போல்ட் முடுக்கியிருந்தது. முலாம் ஒட்ட வேண்டுமே என்று பட்டறைக்காரன் சாணை பிடித்துவிட்டான். கிரீடம் இல்லை, வருஷம் இல்லை, எண் இல்லை. மரத்தையும் மெஷினில் தேய்த்திருந்தார்கள். கீழே ஒரு பலகை. இந்த அரிய ஆயுதங்களைச் சீர்செய்து அளித்தவர் செயலாளர் நெல்லையப்பன் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

இசக்கிதான் சொரிமுத்துவின் துப்பாக்கியைக் கண்டுபிடித்தான். அவன் போட்ட ஒட்டு அவனுக்குத் தெரியாதா? நேரே மேடை ஓரம் ஏறி, இடது கோடியில் இருந்த மார்ட்டினியின் கட்டையைத் தடவிப் பார்த்தான். திரும்பி விசாலாக்ஷியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "வழிச்சு எடுத்துட்டானுவ, அம்மா. ஒரு எழுத்து இல்ல. சவத்துப் பயலுவ."

மந்திரி இன்னும் வந்திருக்கவில்லை. முன்வரிசையில் பெரிய மனிதர்கள். நெல்லையப்பன் கைகூப்பிக்கொண்டு வந்தார். "எப்படி, சிஸ்டர்? கண்ணு கூசுதுல்லா?"

விசாலாக்ஷி வாழ்க்கையில் பொது இடத்தில் குரலை உயர்த்தியதில்லை. அன்று ஹாலின் கடைசி வரிசைக்கும் கேட்டது.

"கூசறது. பாக்கவே கூசறது. இதைப் பண்ணறதுக்கு உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நாலு வருஷம்! உப்புத்தாள் படாம, நகம் படாம, துணியால ஒத்தி ஒத்தி எடுத்ததை மெஷின்ல குடுத்து வழிச்சிருக்கேளே! யாரைக் கேட்டேள்?"

"சிஸ்டர், மெதுவா. குப்பையாக் கெடந்ததைத்தானே நாம..."

"குப்பையாக் கிடந்தப்போ அது துப்பாக்கி. இப்போ என்ன? கல்யாண மண்டபத்துத் தோரணம்! அதுல ஒரு மனுஷன் தன் பேரை எழுதி வச்சிருந்தான். உங்க பேரைப் போட்டுக்கறதுக்கு அவன் பேரை அழிச்சேளா?"

"பேரா? என்ன பேரு? கீறல் விழுந்து கெடந்ததை நீட்டா பண்ணச் சொன்னேன். அவ்வளவுதான்." நெல்லையப்பன் முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தார். "லேடீஸ் பாருங்க, சட்டுனு உணர்ச்சிவசப்பட்டுடுவாங்க."

அந்தச் சிரிப்பில் நாலைந்து பேர் கலந்துகொண்டதுதான் அவளைக் கொன்றது. ஜஹாங்கீர் சூரத்திலிருந்து வந்திருந்தார். தூண் பக்கத்தில் நின்றார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஞ்சு வந்து அக்காவின் முழங்கையைப் பிடித்தான். "போறும், அக்கா. ஊரே பாக்கறது. வா." மந்திரியின் கார் வந்து நின்ற சத்தத்தில் எல்லாரும் வாசல் பக்கம் ஓடினார்கள். விசாலாக்ஷியும் இசக்கியும் பக்கவாட்டுக் கதவால் வெளியே வந்தார்கள். மறு வாரம் கிளப் கமிட்டி கூடி, கிளப்பின் கௌரவத்தைக் கெடுத்ததற்காக அவளை நீக்கியது. கௌரவத்தைக் கெடுத்தவள் அவளாம்.

வீட்டில், 'பழைய இரும்புதானே' என்ற பஞ்சுவோடு பேச்சு நின்றது விழா நடந்த அந்த நாளில்தான்.

மலையடிவாரத்துக்குப் பின்னாலேயே கடல் கழி. உப்புக் காற்றும் பம்பாய் மழையும் சேர்ந்தால் மட்டமான முலாம் எத்தனை நாள் தாங்கும்? ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உரிந்தது. உள்ளேயிருந்து துரு வழிந்து, புது ஹாலின் வெள்ளைச் சுவரில் கோடு கோடாக இறங்கிற்றாம். மந்திரி திறந்த ஹாலுக்கு இந்தக் கதி வரலாமா? நெல்லையப்பன் எல்லாவற்றையும் கழற்றிக் கபாடிக்குப் போடச் சொன்னார். சுவரில் குதிரைப் படம் மாட்டினார்கள்.

தாராவியில் ஷேக் பரீத்தின் பழைய இரும்புக் கடைக்கு அடுத்த சந்துதான் இசக்கியின் பட்டறை. ஒரு மத்தியானம் அவன் மூச்சிரைக்க மாட்டுங்காவுக்கு ஓடிவந்தான்.

"அம்மா, நம்ம துப்பாக்கியள்லாம் பரீத் பாய் கடையில வந்து கெடக்கு. ரம்பம் போட்டு அறுத்துக்கிட்டு இருக்காவ. வெரசா வாங்க."

விசாலாக்ஷி புடவையை மாற்றக்கூட இல்லை. போனபோது பாதிக்கு மேல் குழாய் குழாயாக அறுபட்டுக் கிடந்தன. அவள் குவியலுக்கும் ரம்பத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். ஷேக் பரீத் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அறுக்கிறவனை நிறுத்தச் சொன்னார். "சுடாத சாமான்தானே. எடுத்துக்கொண்டு போங்கள், பெஹன்ஜி. யாராவது கேட்டால் பரீத் கொடுத்தான் என்று சொல்லுங்கள்" என்றார். பதினொன்று முழுசாகத் தேறின. இசக்கி கைவண்டியில் சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவந்து சேர்த்தான். நாகலக்ஷ்மி கட்டிலுக்கு அடியில் இருந்த ஊறுகாய் ஜாடிகளை எடுத்து இடம் பண்ணிக் கொடுத்தாள்.

அது எப்படியோ நெல்லையப்பனின் காதுக்கு எட்டியது. தூக்கிக் குப்பையில் போட்ட சாமானை இன்னொருத்தி எடுத்தால் அவருக்கு என்ன நஷ்டம்? ஆனாலும் பொறுக்கவில்லை. மாட்டுங்காவில் ஒரு வீட்டில் கள்ளத்தனமாக ஆயுதம் பதுக்கியிருக்கிறார்கள் என்று போலீசுக்குப் புகார் போயிற்று. கான்ஸ்டபிள்கள் வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து, பதினொன்றையும் தெருவே வேடிக்கை பார்க்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். விசாலாக்ஷியும் கூடவே நடந்தாள். பஞ்சு வெளிறிப்போய்ப் பின்னால் வந்தான்.

ஸ்டேஷனில் இருந்த அதிகாரி மராட்டியர். கோபக்காரர் இல்லை; குழம்பிப்போனவர். "பாயி, உங்களுக்கு எதற்கு இது? வீட்டு ஆண்பிள்ளை யார், அவர் பேசட்டும்" என்றார்.

"இது என் சாமான். நான்தான் பேசுவேன்" என்றாள் அவள், ஹிந்தியில். "சுட முடியாத பழைய மாதிரித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று சட்டம் இருக்கிறது. சுட முடியுமா என்று தெரிந்தவர்களை அழைத்துப் பாருங்கள்."

"யாரை அழைப்பது?"

அப்போது ஜஹாங்கீர் உள்ளே வந்தார். இசக்கி போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஒரு மார்ட்டினியை எடுத்து, சுவரில் முடுக்குவதற்காகப் போட்டிருந்த துளையில் தன் பென்சிலைச் செருகினார். தோட்டா வெடிக்க வேண்டிய அறைக்கு நேர் குறுக்கே பென்சில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. ஒவ்வொன்றிலும் அப்படியே செருகிக் காட்டினார். "சாகேப், பிடுங்கின ஊசியை மறுபடி போட்டு இதைச் சுட்டாலும் சுடுகிறவன்தான் சாவான். இது ஆயுதமே இல்லை. நான் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்." பிறகு சற்றுத் தயங்கி, "இதை இப்படித் துளைத்தது இந்த அம்மாள் இல்லை. புகார் கொடுத்தவர்" என்றார்.

அதிகாரி சிரித்துவிட்டார். அன்று சாயங்காலமே பதினொன்றும் திரும்பக் கிடைத்தன.

வெளியே வந்ததும் ஜஹாங்கீர், "அன்றைக்கு ஹாலில் பேசாமல் இருந்துவிட்டேன்" என்று ஆரம்பித்தார்.

"தெரியும்" என்றாள் விசாலாக்ஷி. அவளை அந்த நிமிஷம் உறுத்தியது வேறொன்று. "அந்த மனுஷன் பண்ணின பாவந்தானா வந்து என்னைக் காப்பாத்தணும்? அந்த ஓட்டைதானா எனக்குச் சாட்சி?" என்று பஞ்சுவிடம் கேட்டாள். அவனோடு பல மாதத்துக்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு அது. வாரக் கடைசியில் தீபாவளி.

அடுத்த இரண்டு வருஷம் வீட்டு பால்கனியே கொட்டகை. உரிந்த முலாமைத் துளித்துளியாகக் கிளப்பி, சிவப்பு வார்னிஷைக் கழற்றி, துளைகளை அடைத்து, ஆறு துப்பாக்கிகளை ஓரளவு மனுஷ முகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்து தேறவே இல்லை. சொரிமுத்துவின் மார்ட்டினி பதினொன்றில் இருந்தது. சாய்வான வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒரு கோட்டின் அடி மட்டும் நூலாகத் தெரிந்தது. இசக்கி, "நான் கீறிருதேம்மா, அதே மாதிரி. ஒருத்தனுக்கும் தெரியாது" என்றான்.

"வேண்டாம், இசக்கி. அவன் எழுதினான், இவா அழிச்சா. அதுதான் நடந்தது. நாம எழுதினா அது பொய்."

இசக்கி அரை நாள் கோபமாக இருந்தான். அப்புறம் அவனே எண்ணெய் தடவிச் சுற்றி வைத்தான்.

அறுபத்தொன்பது ஆடி மாதம் நெல்லையப்பன் தட்டில் ஆப்பிளும் பூவும் வைத்துக்கொண்டு மாடியேறி வந்தார். இப்போது அவர் ஏதோ பள்ளிக்கூடக் கமிட்டிக்கும் தலைவர். "சிஸ்டர், பழசை மறந்துருங்க. சுதந்திர தினத்துக்கு ஒரு கண்காட்சி வைக்கோம். உங்க துப்பாக்கி நாலஞ்சு இருந்தா சபை களை கட்டும். உங்க பேரையே முதல்ல போடுதேன்."

விசாலாக்ஷி வாயைத் திறப்பதற்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பஞ்சு எழுந்துவிட்டான். "எங்க அக்காவைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிண்டு போனவர் நீங்க. எந்த முகத்தோட இந்தப் படி ஏறினேள்? தட்டை எடுத்துண்டு இறங்குங்கோ." சாதுவான பஞ்சு கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து நெல்லையப்பன் தட்டோடு இறங்கிப் போனார்.

நாகலக்ஷ்மி சந்தோஷத்தில் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். விசாலாக்ஷிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏண்டா பஞ்சு, எனக்கு வாயில்லையா? ரெண்டு வருஷமா நான் அந்த மனுஷனுக்குன்னு சேத்து வச்சிருக்கேன். நீ பாட்டுக்கு நாலு வார்த்தையில அனுப்பிச்சுட்டியே!"

"அக்கா, நான் உனக்காகத்தானே..."

அவள் கேட்கவில்லை. பால்கனிக்குப் போய்க் கைப்பிடியில் சாய்ந்து, "நெல்லையப்பன் சார், கொஞ்சம் நில்லுங்கோ!" என்று கூப்பிட்டாள். தெருவில் காருக்குள் ஏறப்போனவர் ஒரு காலை உள்ளே வைத்தபடி அண்ணாந்து பார்த்தார். எதிர் பில்டிங்கில் ஜன்னல்கள் திறந்தன. வாழைக்காய் வண்டிக்காரன் தராசைக் கீழே வைத்தான்.

விசாலாக்ஷி ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தாள்.